நீண்ட நாள் நின்ற புல்லட்டை மறுபடி ஓட வைக்க: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். பெரும்பாலும் புல்லட். சில வீடுகளில் எஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100. ஓட்டியவர் காலமாகியிருப்பார், அல்லது முட்டி வலி வந்து மொபெட்டுக்கு மாறியிருப்பார். பல வருஷம் கழித்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத அந்தப் பிள்ளைக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கிக்கரைத் தொடாமல் இருப்பது. சாக்கை எடுத்ததும் நாலு உதை உதைத்துப் பார்க்கத் தோன்றும். பக்கத்து வீட்டு மாமாவும் "உதைச்சுப் பாரு தம்பி, பழைய இரும்பு, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்பார். வேண்டாம். சிலிண்டருக்குள் துரு பிடித்திருந்தால் அந்த நாலு உதையிலேயே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கு உடையும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி வைத்த நெல் இருந்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிடும். பல வருஷம் சும்மா நின்றும் கெடாத எஞ்சினை ஒரே சாயங்காலத்தில் உதைத்துக் கெடுத்துவிட முடியும். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் பெரும்பாலான வண்டிகளைப் பெரிய செலவில்லாமல் எழுப்பிவிடலாம்.

இங்கே நான் சொல்வது முக்கியமாகப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350ஐ மனதில் வைத்து. 1955இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய வரிசை அது. 346 சிசி. எஞ்சின் ஒரு பெட்டி, கியர் ஒரு தனிப் பெட்டி. எஸ்டி, ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மாறும் விஷயங்களைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

காகிதம்

பணம் செலவழிக்கும் முன்பு ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் வெட்டியிருக்கும் நம்பர்களோடு ஒத்துப்போகிறதா என்று, துருவை மெதுவாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வண்டியை எவ்வளவு அழகாகச் சரி செய்தாலும் சாலையில் ஏற்றுவது சிக்கல்தான்.

சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதோடு பசுமை வரியும் உண்டு. வண்டி யார் பெயரில் இருந்ததோ அவர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. ஆர்சி தொலைந்திருந்தால் நகல் கேட்கப் படிவம் 26. அந்தக் காலத்தில் வங்கிக் கடனில் எடுத்த வண்டி என்றால் அடமானக் குறிப்பு ஆர்சியில் அப்படியே இருக்கும். கடன் எப்போதோ அடைந்திருந்தாலும், வங்கியில் கையெழுத்து வாங்கிப் படிவம் 35ஐக் கொடுத்தால்தான் அது நீங்கும். மிகப் பழைய பதிவுகள் இணையத்தில் ஏற்றப்படாமல் இருக்கக்கூடும். அதனால் கைபேசியில் தேடி வரவில்லை என்று பயப்படாமல், தஞ்சாவூரோ கும்பகோணமோ, வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனியாக ஒரு பழம்பெரும் வாகனப் பதிவைக் கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், 10 வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகிறவர்களுக்கு அது சரி. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்ட நினைத்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதுதான் நல்லது.

உள்ளே யார் குடியிருக்கிறார்கள்

நம் பக்கத்தில் நின்ற வண்டிக்கு வயதைவிட ஈரம்தான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் தரையிலிருந்து ஏறும் ஈரம் அடிப்பக்கத்தை அரிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் மேலே பளபளப்பாகத் தெரியும் வண்டியையும் நம்பாமல், கீழே படுத்து மட்கார்டு உள்பக்கம், சென்டர் ஸ்டாண்டு, சைலன்சரின் அடிவயிறு, சட்டத்தின் வெல்டிங் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டண் என்று கேட்டால் நல்ல இரும்பு. மொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது.

இன்னொன்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: வண்டி எப்போதாவது வெள்ளத்தில் மூழ்கியதா? 2018 கஜா புயலின்போதோ, ஆறு உடைத்துக்கொண்ட வருஷங்களிலோ எஞ்சின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால், பேரிங்கு வரை வண்டல் போயிருக்கும். அந்த வண்டிக்கு இந்தக் கட்டுரை போதாது. எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முழுசாகக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

சீட்டைத் தூக்கும் முன்பு ஒரு கம்பால் நன்றாகத் தட்டுங்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். வண்டியை வெளிச்சத்துக்கு உருட்டி வந்து வைத்து, சற்று நேரம் விட்டு, பிறகு கை வையுங்கள். பக்கப் பெட்டி, ஹெட்லைட் கூடு, சீட்டின் அடி, ஏர் ஃபில்டர் நான்கிலும் வைக்கோல், துணிக் கந்தல், நெல் உமி எல்லாம் இருக்கும். எலி கடித்த வயர்களை அப்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

எலியைவிட மோசம் குளவி. விரல் நுழையும் எந்தத் துளையையும் அது மண் வைத்து அடைத்துவிடும். சைலன்சர் வாய், கார்பரேட்டரின் காற்று வாய், எஞ்சினிலிருந்து மூச்சு விடும் பிரீதர் குழாய், கார்பரேட்டரின் கீழ்ப்பக்க ரப்பர் குழாய், டேங்க் மூடியின் சிறு துளை, எதையும் விடாது. பிரீதர் அடைத்திருந்தால் ஓடும்போது எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற ஒட்டு எல்லாவற்றிலிருந்தும் ஆயில் கசியும். டேங்க் மூடித் துளை அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடித் தானாக நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். இந்த மண்ணை உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்க வேண்டும். அதற்காகவே கார்பரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

கழற்றும்போது ஸ்பேனர் விஷயத்தில் கவனம். பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் பிரிட்டிஷ் அளவு. 13, 14 என்று கையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும். முதல் நாளே எல்லா போல்ட்டிலும் டீசலோ துரு இளக்கும் ஸ்ப்ரேயோ விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அந்த பிரிட்டிஷ் அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் எங்கே கிடைக்கும் என்று அலையும் முன்பு, உங்கள் ஊரில் ஆயில் எஞ்சின் பம்புசெட் ரிப்பேர் பார்த்த பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் பெட்டியில் இருக்கலாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லும் அந்தத் தலைமுறையின் அறிவு இந்த வேலைக்கு மிகவும் பயன்படும். மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பலர் சந்தோஷமாக வருவார்கள்.

கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், வேலை முழுதும் முடியும் வரை. இன்று புதிதாகக் கிடைக்கும் உதிரிபாகங்கள் சிலவற்றின் அளவு பழையதோடு பொருந்தாது. பழையது கையில் இருந்தால்தான் லேத்துப் பட்டறையில் காட்டிக் கடைந்து வாங்க முடியும்.

எஞ்சின் சுற்றுகிறதா

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயிலும் அதே அளவு டீசலும் கலந்து விடுங்கள். ஒரு சுத்தமான துணியால் துளையை மூடி, இரண்டு நாள் அப்படியே வையுங்கள்.

மூன்றாம் நாள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கிக்கரைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இங்கேயும் காரணம் உண்டு. இறுகிய எஞ்சினை உடம்பு எடை போட்டு மிதித்தால் கிக்கரின் பல் உடைந்துவிடும். சக்கரத்தைக் கையால் ஆட்டும்போது எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் அசைந்தால் போதும், அப்படியே விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, மறுநாள் மறுபடி ஆட்டுங்கள். அசைவு கூடிக்கொண்டே போய் ஒரு நாள் முழுச் சுற்று சுற்றிவிடும்.

ஒரு வாரம், பத்து நாள் ஊறியும் அசையவே இல்லை என்றால் அடிக்கவோ வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவோ வேண்டாம். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற வேண்டிய நேரம் அது. துரு லேசாக இருந்தால் சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்த்து எடுக்கும் ஹோனிங் போதும். குழி விழுந்திருந்தால் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். முதலில் பிஸ்டனை வாங்கி, அந்த பிஸ்டனை போரிங் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்கு சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். முறை மாறினால் இடைவெளி சரியாக அமையாது.

சுற்றுகிறது என்று தெரிந்ததும் டேப்பெட் மூடியைத் திறந்து வால்வுகளைத் திறக்கும் நீளத் தண்டுகளான இரண்டு புஷ்ராடும் ஏறி இறங்குகிறதா பாருங்கள். ஒன்று சரியாக ஏறி இறங்காவிட்டால், வால்வு அதன் தண்டு நகரும் கைடில் துரு பிடித்து மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் புஷ்ராடு வளைந்துவிடும். அங்கேயும் துரு இளக்கியை விட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான். சரியாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில், இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் (கம்ப்ரஷன் மேல்முனையில்) நிற்கும்போது, புஷ்ராடுகளை விரலால் உருட்ட முடிய வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. புல்லட்டுக்கு அவ்வளவுதான் டேப்பெட் அளவு.

ஆயில்

இந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் இருக்கும். அங்கிருந்து பம்பு இழுத்துக் கொடுத்து, திரும்ப அங்கேயே கொண்டு சேர்க்கும். நீண்ட நாள் நிற்கும்போது ஆயில் பம்பு வழியாகக் கசிந்து, கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றினால், உள்ளே இருக்க வேண்டியதைவிட அதிகமாகி, ஸ்டார்ட் ஆனதும் ஊர் முழுக்கப் புகை போகும். அதனால் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து, மொத்த ஆயிலையும் வடித்துவிடுங்கள். வடிந்த ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மலிவான ஆயில் ஊற்றி, பின் சக்கரத்தால் பலமுறை சுற்றி, மறுபடி வடித்துவிட்டுத்தான் நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கடைமடை வரை போகிறது. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

20டபிள்யூ-50 ஆயில் நம் வெயிலுக்குச் சரியாக இருக்கும். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிரைமரி செயின் பெட்டிக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி ஆயில் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவற்றையும் திறந்து பாருங்கள்.

டேங்க், கார்பரேட்டர்

பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை வடித்து அப்புறப்படுத்துங்கள், புதியதோடு கலக்க வேண்டாம். காலியான டேங்க்கிலும் ஆவி இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஓட்டை இருக்கிறதே என்று கழுவாமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து.

டேங்க் துருவுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு நல்ல மருந்து. பெட்ரோல் டேப்பைக் கழற்றி, துளையை ரப்பர் தக்கையால் அடைத்து, முதலில் சோப்புத் தூளும் வெந்நீரும் ஊற்றி, ஒரு பிடி சிறு நட்டுகளைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உதிர்ந்த துருவைக் கொட்டியபின், லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, டேங்க் நிரம்ப ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வடித்து, தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை கழுவி, உடனே வெயிலில் காய வையுங்கள். இந்த "உடனே" முக்கியம். மழை மாதத்தில் செய்தால் டேங்க் காய்வதற்குள் புதுத் துரு மஞ்சளாகப் படர்ந்துவிடும். பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குத் தோது. காய்ந்ததும் பெட்ரோல் ஊற்ற நாளாகும் என்றால் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றி வையுங்கள். உள்ள துருவை எடுத்தபின் டேங்க் ஒழுக ஆரம்பிக்கவும் வாய்ப்பு உண்டு. துருதான் அதுவரை ஓட்டையை அடைத்திருக்கும்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும். இந்த வண்டிகள் செய்யப்பட்டபோது அப்படி ஒரு பெட்ரோலை யாரும் நினைக்கவில்லை. அதனால் பெட்ரோல் குழாய், டேப்பின் வாஷர், கார்பரேட்டரின் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை.

கார்பரேட்டரைப் பிரித்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை (ஃப்ளோட்) இருக்கும் அறையைத் திறந்தால் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருக்கும். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வழியாக வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது, ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். இரும்புக் கம்பி, ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஈர்க்குச்சி விட்டால் முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். மெல்லிய மின் வயரைச் சீவி, அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும். காற்று ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பு, எத்தனை திருப்பில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்

பழைய பாட்டரி செத்திருக்கும். கழற்றும் முன்பு எந்த முனை சட்டத்தோடு சேர்கிறது என்று படம் எடுங்கள். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதை பல்பைப் பார்த்தால் தெரியும். மாற்றிப் போட்டால் பல்பு மட்டும் போகாது.

பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட்டில் (மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்பார்கள்), நின்ற நாளில் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். கண்ணுக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் கரண்ட் கடக்காது. சீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி சுமார் அரை மி.மீ. இதற்கு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

புல்லட்டின் ஆம்பியர் மீட்டர் இங்கே உங்களுக்கு ஒரு சோதனைக் கருவி. சாவியைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் சேரும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், பிரியும்போது நடுவுக்கு வரும். சாயவே இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், எலி கடித்த வயர், அழுக்கான பாயிண்ட் இவற்றில் ஒன்று. சாய்ந்தது திரும்பவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். சோதனை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் சேர்ந்த நிலையில் விட்டால் காயில் சூடாகிப் போய்விடும். முள் சரியாக ஆடியும் பிளக்கில் பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். பொறி வருகிறதா என்று புதிய பிளக்கை எஞ்சின் ஹெட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கும்போது பெட்ரோல் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு

எஸ்டி, ராஜ்தூத் இரண்டுக்கும் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100க்குத் தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. ஆனால் நீண்ட நாள் நின்றதில் அந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கும், பம்பும் இறுகியிருக்கலாம். முதல் சில லிட்டருக்கு, லிட்டருக்கு 40 மி.லி. வீதம் பெட்ரோலில் கலந்தே ஓட்டுங்கள், பம்பு வேலை செய்கிறதென்று உறுதியானபின் நிறுத்தலாம். இந்த வண்டிகளில் கிராங்கின் இரு பக்க ஆயில் சீல்களும் காய்ந்து வெடித்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டே போகும். சோக்கைப் போட்டோ, பிளக் மூடியைக் காய்ந்த தடித்த துணியால் பிடுங்கியோ நிறுத்த வேண்டிவரும். சீல் விலை குறைவு, முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

முதல் ஸ்டார்ட்

வண்டியை வைக்கோல் போரிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் தள்ளி, திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். காலில் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். புல்லட் திருப்பி உதைத்தால் கணுக்கால் தாங்காது.

பெட்ரோல் டேப்பைத் திறந்து, ஐந்து நிமிஷம் எங்கும் சொட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோக்கைப் போடுங்கள். சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் கால் தடுக்கும், ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் போல மெல்லத் தள்ளுங்கள். லிவரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள். இப்போது ஒரே சீராக, கடைசி வரை, முழு உதை. முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள். ஆத்திரத்தில் பத்து அரை உதை உதைப்பதைவிட இப்படி ஒன்று நல்லது. ஆறேழு உதையில் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், கரண்ட்டைக் கவனியுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் மேல் போல்ட்டை அரைத் திருப்பு தளர்த்துங்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, ஆயில் பம்பைப் பாருங்கள். வந்தால் போல்ட்டை இறுக்கி, இரண்டு மூன்று நிமிஷம் மிதமாக ஓடவிட்டு நிறுத்துங்கள். முதலில் வரும் வெள்ளைப் புகை நீங்கள் ஊற்றிய ஆயிலும் ஈரமும்தான். எஞ்சின் சூடாகியபின்னும் நீலப் புகை நிற்காவிட்டால் ரிங்கு அல்லது வால்வு கைடு வேலை இருக்கிறது. அதை அவசரப்படாமல் செய்துகொள்ளலாம்.

சாலையில் ஏறும் முன்

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி முக்கியம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் ஷூவில் லைனிங் ஒட்டு விட்டிருக்கிறதா பாருங்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பேரிங்கில் புது கிரீஸ், கேபிள்களில் ஆயில், நைந்த கேபிளுக்குப் புதிது. டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. அந்த வயது டயரில் ஓட்ட வேண்டாம், உள் டியூபோடு சேர்த்து மாற்றுங்கள்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் ஒன்று மேலே, மூன்று கீழே. புது வண்டிகளில் பழகிய கால் அவசரத்தில் வலது பக்கத்தை மிதிக்கும், வண்டி நிற்காது. நெல் இல்லாத களத்திலோ பள்ளி மைதானத்திலோ, கால் தானாக இடது பக்கம் போகும் வரை சுற்றிப் பழகுங்கள். கியருக்கும், நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி லிவருக்கும் கூட அதே இடத்தில் பழகிக்கொள்ளலாம்.

முதல் ஓட்டத்துக்கு வீட்டிலிருந்து நடந்து திரும்பக்கூடிய தூரம் போதும். வாய்க்கால் கரைச் சாலை நல்லது, கும்பகோணம் நெடுஞ்சாலை வேண்டாம். அறுவடைக் காலம் என்றால் சாலையில் நெல் காயும். பழைய டிரம் பிரேக்கோடு நெல் மேல் ஏறினால் வண்டி வழுக்கும், நெல்லும் பாழ். திரும்பி வந்ததும் எஞ்சின், சைலன்சர், சக்கரம், ஹேண்டில்பார் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே இத்தனை வருஷம் படிந்திருந்த கசடு அப்போதுதான் வெளியே வரும்.

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கும்போது வண்டியை ஓட்ட முடியாமல் போனால், நிறுத்தவும் ஒரு முறை உண்டு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். டேங்க் நிறைய இருக்கட்டும், அரைகுறை டேங்க்கில்தான் ஈரம் சேரும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் மட்டும் முழுசாக வடித்துவிட்டு, உள்ளே ஆயில் தடவி வையுங்கள். கிக்கரை அழுத்தி, கால் தடுக்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மண் தரையில் நிறுத்தாமல் பலகை மேல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், பழைய பருத்திப் போர்வை போதும். குளவி, எலி வராமல் சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் துணி அடைத்து, "துணி இருக்கிறது" என்று ஒரு சீட்டு எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள்.